கிரெடிட் தருபவரும் பொறுப்பு ஏற்பவரும்: விழுப்புரம், திண்டிவனம் கல்லூரிகளில் இணையப் பாடமும் மாற்றுத்திறனாளி மாணவரும்

1. கேள்வி

விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரிக்கும் திண்டிவனம் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரிக்கும் வரும் மாணவர்களில் பெரும்பாலோர் செஞ்சி, மயிலம், மரக்காணம், விக்கிரவாண்டி, திருவெண்ணெய்நல்லூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பேருந்து பிடித்து வருபவர்கள். அவர்களில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு விகிதம் மாநிலச் சராசரிக்கு வெகுவாகக் கீழே இருந்த மாவட்டம் இது. இதே இரண்டு ஊர்களிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகளும் இருக்கின்றன. ஆக, ஒரு சிற்றூர்ப் பிள்ளைக்கு உயர்கல்வி கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் இடங்கள் இவை.

கடந்த சில ஆண்டுகளில் இந்தக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் ஒரு பகுதி வகுப்பறையை விட்டு இணையத்துக்கு நகர்ந்திருக்கிறது. 2017 ஜூலையில் தொடங்கிய ஸ்வயம் என்ற இணையப் பாடத் தளத்தின் பாடங்களை ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை கிரெடிட்டுக்கு ஏற்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் விதி செய்தது. அதற்கு முந்தைய 2016 விதியில் அந்த வரம்பு 20 விழுக்காடு. 2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் திறன் பாடங்கள் கலை, பொறியியல் கல்லூரிகளின் பாடத்திட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன. அவற்றில் பல, பங்குதாரர் நிறுவனங்களின் இணையத்தளங்கள் வழியே நடக்கின்றன. இவற்றோடு, கொரோனா காலத்தில் வந்து பிறகு போகாமலே தங்கிவிட்ட வழக்கங்களும் உண்டு: வாட்ஸ்அப் குழுவில் வரும் நோட்ஸ், கூகுள் படிவத்தில் நடக்கும் தேர்வு, யூடியூபில் ஏற்றிய விரிவுரை.

பார்வையற்ற மாணவருக்கோ காது கேளாத மாணவருக்கோ கை நடுக்கம் உள்ள மாணவருக்கோ இந்தப் பகுதி எட்டாமல் போனால் அதற்கு யார் பொறுப்பு? இந்தக் கட்டுரை இந்த ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறது. பாடத்துக்குக் கிரெடிட் தருவது யாரோ அவரே பொறுப்பு என்பது என் முடிவு. மேலோட்டமாகப் பார்த்தால் இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் இன்று நடைமுறையில் இந்தப் பொறுப்பு பல்கலைக்கழகத்திடம் இல்லை. அது ஆசிரியரின் நல்ல மனத்திலும் பக்கத்து இருக்கை நண்பரின் ஓய்வு நேரத்திலும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

2. இரண்டு புரிதல்கள்

இதுவரை நடந்த பேச்சில் எதிரெதிரான இரண்டு புரிதல்களைப் பார்க்கலாம். இணையக் கல்வி மாற்றுத்திறனாளிகளுக்கு வரம் என்பது ஒன்று. அதில் உண்மை இருக்கிறது. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பெண் மரக்காணத்திலிருந்து திண்டிவனம் வர, படி உயர்ந்த பேருந்தில் யாராவது தூக்கி ஏற்ற வேண்டும். கல்லூரியில் மாடி வகுப்புக்கு இன்னொரு முறை தூக்க வேண்டும். வீட்டிலிருந்தபடி கேட்கும் வகுப்பு அவருக்கு வெறும் வசதி அன்று. படிப்பைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதையே அது தீர்மானித்துவிடும். இரண்டாவது புரிதல், இணையம் புதிய படிக்கட்டுகளைக் கட்டியிருக்கிறது என்பது.

அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 2019–20இல் 92,831 ஆக இருந்த மாற்றுத்திறனாளி மாணவர் எண்ணிக்கை, வகுப்புகள் இணையத்துக்குப் போன 2020–21இல் 79,035 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் மொத்த மாணவர் எண்ணிக்கை 3.85 கோடியிலிருந்து 4.14 கோடியாக உயர்ந்தது. இணைய வகுப்புதான் அவர்களை வெளியேற்றியது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது. நோய்த்தொற்றும் வருமான இழப்பும் அடைபட்ட விடுதிகளும் அந்த ஆண்டில்தான் வந்தன. கணக்கெடுப்பின் தரவு திரட்டும் முறையும் அந்த ஆண்டில்தான் மாறியது. ஆனால் ‘வரம்’ என்ற வாதத்துக்கு இந்த எண்கள் துணை நிற்கவில்லை என்பது மட்டும் உறுதி. இன்னொன்றும் தெரிகிறது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் 2.21 விழுக்காடாக இருந்தவர்கள், சட்டப்படி உயர்கல்வியில் 5 விழுக்காடு இடஒதுக்கீடு உள்ளவர்கள், 2020–21இல் கல்லூரிகளில் 500 பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக்கூட இருக்கவில்லை.

இரண்டு புரிதலிலும் ஒரே குறை இருக்கிறது. இணையம் என்ற ஒன்று நல்லதா கெட்டதா என்றே இரண்டும் கேட்கின்றன. மாணவருக்கு இணையம் என்று தனியாக ஒன்று கிடைப்பதில்லை. ஒரு கோப்பும் ஒரு காணொளியும் ஒரு தேர்வுப் பக்கமும்தான் அவர் கைக்கு வருகின்றன. அவை எப்படிச் செய்யப்பட்டிருக்கின்றன என்று பார்த்தால்தான் விடை தெரியும்.

3. கோப்பு

பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்கள் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக்கும், கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளும் பயன்படுத்துகிறார்கள். என்விடிஏவை 2006இல் தொடங்கியவர்கள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இருவர், மைக்கேல் கரனும் ஜேம்ஸ் டேயும். அது இலவசம், தமிழையும் வாசிக்கும். பார்வை, செவித்திறன் குறைபாடு உள்ளவர்களுக்குத் தகுந்த செயலிகளோடு திறன்பேசி வழங்கும் திட்டம் தமிழக அரசிடம் இருக்கிறது. சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தி முன்னின்று நடத்திய கூட்டு முயற்சியும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ. ஜி. ராமகிருஷ்ணன் குழுவின் பணியும் தமிழ்ப் பேச்சொலியையும் அச்செழுத்தை இனங்காணும் நுட்பத்தையும் வெகுதூரம் கொண்டுவந்திருக்கின்றன. கேட்கும் கருவிக்குக் குறையில்லை. கேட்கக் கொடுக்கப்படும் பொருள்தான் குறையுள்ளது.

வழக்கமாக நடப்பது இது. ஆசிரியர் தம் கையெழுத்துக் குறிப்பையோ கைடு ஒன்றின் பக்கங்களையோ போனில் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கிக் குழுவில் போடுகிறார். பார்க்கும் மாணவருக்கு அது எழுத்து. திரைவாசிப்பானுக்கு அது படம். பக்கத்துக்குப் பக்கம் அம்புக்குறி விசையை அழுத்திக்கொண்டே போனாலும் ஒரு சொல்கூட வராது. வெற்றுப் பக்கம் என்றோ படம் என்றோ மட்டுமே குரல் வரும். நாற்பது பக்கப் பாடம் அவருக்கு நாற்பது வெற்றுத் தாள்.

தட்டச்சு செய்த குறிப்பானால் பிழைத்தோம் என்று நினைக்கலாம். தமிழில் அதுவும் உறுதியில்லை. டிடிபி கடைகளிலும் அச்சகங்களிலும் பேஜ்மேக்கர் காலத்து எழுத்துருக்கள் இன்னும் புழங்குகின்றன. பாமினி என்ற அத்தகைய எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல் கண்ணுக்குத் தமிழாகத்தான் தெரியும். கணினிக்குள் அது ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். சங்க இலக்கிய வரலாறு முழுவதும் இப்படி ஆங்கில எழுத்துக் குப்பையாக ஒருவர் காதில் விழுவதை நினைத்துப் பாருங்கள். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடையும் டேஸ் 16ஐயும் அரசின் குறியாக்கமாக அறிவித்துவிட்டது. அறிவிப்பு தலைமைச் செயலகத்திலிருந்து புறப்பட்டது. தமிழ்த்துறை ஆசிரியர் நோட்ஸ் அடிக்கக் கொடுக்கும் கடைவரை வந்து சேரவில்லை. ஆங்கிலவழி மாணவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. தமிழ்வழியில், அதிலும் தமிழ் இலக்கியம் படிக்கும் பார்வையற்ற மாணவரையே இது அதிகம் வதைக்கிறது. அரசு கலைக் கல்லூரிகளில் பார்வையற்ற மாணவர்கள் மிகுதியாகத் தேர்ந்தெடுக்கும் துறைகளில் தமிழ் ஒன்று என்பதால் இதைச் சிறிய விஷயமாக என்னால் பார்க்க முடியவில்லை.

பிறகு என்ன நடக்கிறது? நண்பர் ஒருவர் உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறார். இவர் போனில் பதிவு செய்துகொள்கிறார். தமிழ்நாட்டில் பார்வையற்றவர்கள் பட்டம் பெற்ற வரலாறே இப்படி வாசித்துக் காட்டியவர்களின் வரலாறுதான். அந்த நட்பின் பெருமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் எண்ணியல் கோப்பு வந்த பிறகும் அதே ஏற்பாடு தொடர்கிறது என்றால், கோப்பைச் செய்தவர் மிச்சம் பிடித்த ஐந்து நிமிடத்தை மாணவரும் நண்பரும் பல மணி நேரமாகக் கட்டுகிறார்கள் என்று பொருள்.

காப்புரிமை இதற்குத் தடையில்லை. 2012இல் திருத்தப்பட்ட இந்தியக் காப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் அணுகும் வடிவில் நூல்களை மாற்றித் தருவதை அனுமதிக்கிறது. 2013இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கைக்கு முதலில் ஒப்புதல் தந்த நாடும் இந்தியாதான், 2014இல். 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் அந்த வழியில் வந்தது. அங்கே சேர்வதற்கும் முதலில் ஒருவர் நூலைச் செம்மையாக எண்ணியல் வடிவாக்க வேண்டும். ஓர் இணைப்புக் கல்லூரியின் மூன்றாம் பருவப் பாடநூலுக்கு அப்படி ஒருவர் வாய்ப்பதில்லை.

4. காணொளி

விரிவுரைக் காணொளியில் சிக்கல் வேறு வகை. கணக்கு ஆசிரியர் பலகையைக் காட்டி, “இதை இங்கே கொண்டு வந்து இதோட கூட்டினா இது வந்துடும்” என்கிறார். பார்ப்பவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பார்க்க முடியாதவருக்கு அந்த வாக்கியத்தில் ஒன்றுமே இல்லை. “இரண்டாவது சமன்பாட்டை முதலாவதோடு கூட்டினால் எக்ஸ் மட்டும் மிஞ்சும்” என்று சொல்லியிருந்தால் போதும். பணம் வேண்டாம், மென்பொருள் வேண்டாம். வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் மட்டும் வேண்டும். பார்வையுள்ள மாணவருக்கும் அதனால் பாடம் தெளிவாகும்.

காது கேளாத மாணவருக்கு அவ்வளவு எளிதில் தீர்வு கிடைக்காது. திரைக்கீழ் எழுத்து வேண்டும் என்பது முதல் பதில். 2003இல் ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்பிடெல் என்ற இணைய விரிவுரைத் திட்டம் இதில் முன்மாதிரி. அதன் விரிவுரைகளுக்கு எழுத்துவடிவம் இருக்கிறது, பலவற்றுக்குத் தமிழிலும் இருக்கிறது. ஆனால் உள்ளூர் ஆசிரியர் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசிப் பதிவு செய்த காணொளிக்குத் தானியங்கி எழுத்தை மட்டும் நம்பினால், கலைச்சொல் வரும் இடத்தில்தான் அது தடுமாறும். மாணவருக்கு எது முக்கியமோ அதுவே பிழையாக வரும்.

இதற்கும் அடியில் இன்னொரு அடுக்கு உண்டு. பிறவியிலேயே காது கேளாத பலருக்குச் சைகை மொழிதான் முதல் மொழி. எழுத்துத் தமிழ் பள்ளியில் கற்ற இரண்டாம் மொழி. கீழே ஓடும் எழுத்தை அவர்கள் அயல்மொழி வாசிப்பதுபோல வாசிக்கிறார்கள். சைகைமொழி பெயர்ப்பாளர்தான் சரியான ஏற்பாடு. சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்தோருக்கென்றே தனியாகப் பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடப்பது இந்தத் தேவையை அரசு அறிந்திருப்பதற்குச் சான்று. விழுப்புரத்து மாணவருக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று இல்லாததால், காது கேளாதவர்களில் பலர் ஒன்று சென்னை போகிறார்கள், அல்லது பன்னிரண்டாம் வகுப்போடு நிற்கிறார்கள். இணையப் பாடம் இந்த இடைவெளியைத்தான் முதலில் நிரப்பியிருக்க வேண்டும். சென்னையில் ஒரு பெயர்ப்பாளர் சைகை செய்த விரிவுரையைத் திண்டிவனத்தில் ஒருவர் பார்ப்பதற்குத் தூரம் தடையே அன்று.

5. தேர்வு

நேரடித் தேர்வில் விதிகள் ஓரளவு தெளிவாக இருக்கின்றன. 2018 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் நெறிமுறை, சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொள்ள இடம் தந்தது. மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரமும் தந்தது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 40 விழுக்காட்டுக்குக் குறைவான குறைபாடு உள்ளவர்களுக்கும் இந்த உதவியை மறுக்க முடியாது என்றது.

இணையத் தேர்வுப் பக்கத்துக்கு இந்த விதிகள் தெரியாது. முப்பது நிமிடத்தில் தானாக மூடிக்கொள்ளும் வினாத்தாளுக்கு நாற்பது நிமிடம் என்று யாராவது அமைத்துக் கொடுக்க வேண்டும். இழுத்துப் பொருத்தும் வினா விசைப்பலகையால் நகராது. கொரோனா காலத்தில் அண்ணா பல்கலைக்கழகம் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்போடு தேர்வு நடத்தியபோது, முறைகேடு என்று மென்பொருள் குறித்ததால் பலரது முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டன; 2021இல் மறுதேர்வுக்கு வழிவிட வேண்டியதாயிற்று. எந்தக் குறைபாடும் இல்லாதவர்களுக்கே இந்த நிலை. திரையை நேராகப் பார்க்காத கண்ணையும், அறைக்குள் கேட்கும் இரண்டாவது குரலையும் சந்தேகிக்கும் மென்பொருளின் முன்னால், பார்வையற்ற மாணவரும் அவருக்காக எழுதுபவரும் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று தேர்வுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

6. சட்டம் எங்கே நிற்கிறது

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 42ஆம் பிரிவு ஒலி, அச்சு, மின்னணு ஊடகப் பொருள் அனைத்தும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. 17ஆம் பிரிவு பாடத்திட்டத்திலும் தேர்விலும் மாற்றம் செய்யச் சொல்கிறது. 2017இல் வந்த விதிகளில் 15ஆம் விதி, இணையத்தளங்களில் இடும் ஆவணங்கள் ஈபப் வடிவிலோ எழுத்துணரப்பட்ட பிடிஎஃப் வடிவிலோ இருக்க வேண்டும் என்று கோப்பின் அளவுக்கே இறங்கி வந்து சொன்னது. போனில் ஸ்கேன் செய்த நோட்ஸ் இதற்கு நேர்மாறு. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் உயர்கல்வி நிறுவனங்களுக்கான அணுகல் நெறிமுறைகளை வெளியிட்டது.

இத்தனை இருந்தும் நிலைமை மாறாததற்கு ஒரு காரணத்தை உச்ச நீதிமன்றமே சுட்டியது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று வந்த தீர்ப்பு, சட்டம் கட்டாயம் என்று சொன்னதை 15ஆம் விதி வெறும் வழிகாட்டுதலாக ஆக்கிவிட்டது, எனவே அவ்விதி சட்டத்துக்கு முரணானது என்று கூறி, மீற முடியாத குறைந்தபட்சத் தரங்களை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், எண்ணியல் அணுகல் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. இந்த இரண்டையும் சேர்த்து வாசித்தால், ‘முடிந்தபோது செய்கிறோம்’ என்று ஒரு பல்கலைக்கழகம் இனிச் சொல்வதற்கில்லை.

7. ஒரு வலுவான மறுப்பு

கட்டாயப்படுத்தினால் இருப்பதும் போய்விடும் என்ற மறுப்பை ஒதுக்கிவிடக் கூடாது. அதற்கு நிஜமான முன்னுதாரணம் இருக்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் பொதுமக்களுக்கு இலவசமாக வைத்திருந்த காணொளிகளில் திரைக்கீழ் எழுத்து இல்லை என்று காது கேளாதவர்கள் முறையிட்டார்கள். அமெரிக்க நீதித்துறை 2016இல் அதைக் குறையாகக் கண்டது. பல்கலைக்கழகம் 2017இல் 20,000க்கும் மேற்பட்ட ஒலி, ஒளிப் பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. யாருக்கும் இல்லை என்று ஆனது. இதே போன்ற முறையீட்டில் 2015இல் வழக்குக்கு உள்ளான ஹார்வர்டும் எம்ஐடியும் வேறு முடிவு எடுத்தன: 2019இலும் 2020இலும் சமரசத்துக்கு வந்து, எழுத்துச் சேர்க்க ஒப்புக்கொண்டன.

திண்டிவனத்து ஆசிரியர் ஒருவர் தம் சொந்த ஆர்வத்தில் யூடியூபில் பாடம் போடுகிறார்; அவர்மேல் நாளை சட்டத்தை வீசினால் அவர் நிறுத்திவிடுவார். அந்த அச்சம் நியாயமானது. ஆகவேதான் கிரெடிட்டை அளவுகோலாக வைக்கச் சொல்கிறேன். பெர்க்லியின் காணொளிகள் யாருடைய பட்டத்துக்கும் கட்டாயமாக இருக்கவில்லை, எடுத்துவிட முடிந்தது. ஸ்வயம் பாடமோ நான் முதல்வன் பாடமோ மதிப்பெண் பட்டியலில் ஏறிவிட்டால் அதை எடுக்க முடியாது. மாணவராலும் அதைத் தவிர்க்க முடியாது. ஆர்வத்தில் செய்த காணொளியில் குறை இருந்தால் அது குறை. பட்டத்துக்குக் கட்டாயமான பாடத்தில் அதே குறை இருந்தால் அது விலக்கி வைத்தல். முதலாவதற்கு ஆசிரியருக்குப் பயிற்சியும் உதவியும் போதும். இரண்டாவதற்குப் பல்கலைக்கழகம் பதில் சொல்ல வேண்டும்.

மாற்றுத்திறனாளி மாணவருக்கு மட்டும் அந்தப் பாடத்திலிருந்து விலக்கு அளித்துவிடலாமே என்றும் சொல்வார்கள். பள்ளியில் மொழிப்பாட விலக்கு வழியே நமக்கு இந்த எண்ணம் பழகிவிட்டது. ஆனால் வேலைவாய்ப்புக்கென்றே வடிவமைத்த திறன் பாடத்திலிருந்து, வேலை கிடைப்பது மிகக் கடினமாக உள்ள ஒருவரை விலக்குவதில் என்ன கருணை இருக்கிறது? பட்டம் கையில் வரும். அதில் ஒரு பகுதி வெறுமையாக இருக்கும்.

8. யாருடைய மேசை

பொறுப்பு பல்கலைக்கழகத்துடையது என்றால், விழுப்புரத்துக்கு எது பல்கலைக்கழகம் என்ற கேள்வியே இந்த வட்டாரத்தில் நிலையாக இருந்ததில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த இந்தக் கலைக் கல்லூரிகள், 2002இல் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் உருவானபோது அதனிடம் போயின. 2021இன் தொடக்கத்தில் விழுப்புரத்திலேயே ஜெயலலிதா பெயரில் ஒரு பல்கலைக்கழகம் அறிவிக்கப்பட்டது; அதே ஆண்டு ஆகஸ்டில் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. மேலிடம் மாறும்போதெல்லாம் பாடத்திட்டமும் மாறியது. பழைய பாடத்துக்கு யாரோ பாடுபட்டுத் தயாரித்த ஒலிப்பதிவும் பிரெயில் நூலும் பயனற்றுப்போயின. இத்தனை மாற்றத்துக்கு நடுவே, ‘இந்தக் கோப்பு எனக்குத் திறக்கவில்லை’ என்று ஒரு மாணவர் போய்ச் சொல்ல ஒரு மேசை உருவாகவே இல்லை.

அந்த மேசை பாடத்திட்டக் குழுவின் மேசையாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஓர் இணையப் பாடத்தைக் கிரெடிட்டுக்கு ஏற்கும் தீர்மானம் அங்கேதான் எடுக்கப்படுகிறது. தளத்தை நடத்தும் நிறுவனத்திடம் நிபந்தனை போடும் வலு கல்லூரி முதல்வருக்குக் கிடையாது, பல்கலைக்கழகத்துக்கும் அரசுக்கும் உண்டு. தீர்மானத்துக்கு முன்னால் திரைவாசிப்பான் பயன்படுத்தும் ஒருவரும் சைகை மொழி பேசும் ஒருவரும் அந்தப் பாடத்தைப் பதிவு செய்வதிலிருந்து சான்றிதழ் பெறும்வரை நடந்து பார்க்க வேண்டும். அதற்கு அவர்களுக்கு ஊதியம் தர வேண்டும். இரண்டு ஊர்களிலும் படித்து முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் மாற்றுத்திறனாளிப் பட்டதாரிகள் இதற்குக் கிடைக்காமல் போக மாட்டார்கள். கல்லூரி அளவில், தமிழ் நோட்ஸை யூனிகோடில் மாற்றித் தரவும் ஸ்கேன் பக்கங்களை எழுத்தாக்கிப் பிழை திருத்தவும் நூலகத்தில் ஒரு பணியிடம் போதும்.

இதற்குத் தேவையான முதல் தகவல் கல்லூரியிடம் எப்போதும் இருக்கிறது. அரசு கலைக் கல்லூரிச் சேர்க்கையில் பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு நடக்கிறது. அதில் மாற்றுத்திறனாளி மாணவர்களும் மற்றவர்களுக்கு முன்னால் இடம் பெறுகிறார்கள். யார் வருகிறார், என்ன குறைபாடு, எந்தத் துறை என்பது வகுப்பு தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே சான்றிதழோடு பதிவாகிவிடுகிறது. அந்தப் பட்டியல் இன்று இடஒதுக்கீட்டுக் கணக்குக்கும் உதவித்தொகைக்கும் மட்டும் போகிறது. அதன் ஒரு படி துறைத்தலைவருக்கும் நூலகத்துக்கும், இணையப் பாடங்களை ஒதுக்கும் ஒருங்கிணைப்பாளருக்கும் அதே வாரத்தில் போனால், முதல் பருவத்தின் முதல் பிடிஎஃப் குழுவில் விழும் முன்பு அதைத் திருத்த நேரம் இருக்கும்.